லேயர்கள் பொருந்தவில்லையா? ஜிஐஎஸ்ஸில் அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

ஓர் ஏரியை வரைபடமாக்கும் வேலையை எடுத்துக்கொள்வோம். கரை, கலிங்கு, மதகு எல்லாம் பொறியாளரிடம் ஆட்டோகேட் கோப்பாக இருக்கும். ஆக்கிரமிப்பு எல்லையை யாராவது செல்போன் ஜிபிஎஸ்ஸை வைத்துக்கொண்டு நடந்தே எடுத்திருப்பார்கள். ட்ரோன் பறக்கவிட்டவர் உயர மாதிரி ஒன்று தருவார். நீர்ப்பரப்பு செயற்கைக்கோள் படத்திலிருந்து வரும். புல எண்ணும் ஊர்ப்பெயரும் தமிழில், எக்செல் அட்டவணையில் இருக்கும். தனித்தனியாகத் திறந்தால் ஐந்தும் சரியாகத்தான் தெரியும். கியூஜிஐஎஸ் என்ற ஜிஐஎஸ் (வரைபடத் தரவு) மென்பொருளில் லேயர்களாக, அதாவது ஒன்றன்மேல் ஒன்றான அடுக்குகளாக, ஒரே திரையில் போடும்போதுதான் வம்பு தொடங்கும்.

அந்த நேரத்தில் செய்யவே கூடாத காரியம் ஒன்று உண்டு. பொருந்தாத லேயரைப் பிடித்து இழுத்து, கண்ணுக்குச் சரியாகப் படும் இடத்தில் வைப்பது. அப்படி வைத்தால் அந்த ஒரு மூலை பொருந்தும், காரணம் மறைந்துபோகும், ஆறு மாதம் கழித்து வேறொருவர் அதை நம்பி எல்லைக்கல் நடுவார். அதற்குப் பதிலாக விலகலை அளந்து பாருங்கள். எவ்வளவு தூரம், எந்தத் திசை என்று தெரிந்தாலே பெரும்பாலும் காரணமும் தெரிந்துவிடும். இந்த வழிமுறை அந்த அளவை வைத்துத்தான் போகிறது. பெரிய விலகலில் தொடங்கிச் சிறியதற்கு வருகிறேன். அப்புறம் உயரம், பரப்பளவு, செயற்கைக்கோள் படம், தமிழ் எழுத்து.

முதல் வேலை: எண்ணைப் படியுங்கள்

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் லேயரின் ப்ராப்பர்ட்டீஸ் திறந்து, இன்ஃபர்மேஷன் பக்கத்தில் எக்ஸ்டென்ட் (லேயரின் எல்லை) என்று இருக்கும் எண்களைப் பாருங்கள். மென்பொருள் அந்த லேயருக்கு என்ன சிஆர்எஸ் (இடத்தைக் குறிக்கும் எண்கள் எந்த அளவு முறையில் எழுதியவை என்ற குறிப்பு) போட்டிருக்கிறது என்பதை இப்போதைக்கு நம்ப வேண்டாம். எண்ணே சொல்லும்.

திருச்சி நகரத்தை வைத்துச் சொல்கிறேன். 78.7, 10.8 என்று இருந்தால் அது பாகை. ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84, ஈபிஎஸ்ஜி 4326 ஆக இருக்க வாய்ப்பு அதிகம். ஈபிஎஸ்ஜி என்பது ஒவ்வொரு சிஆர்எஸ்ஸுக்கும் கொடுத்திருக்கும் அடையாள எண். 2,48,000-ஐ ஒட்டி ஓர் எண்ணும் 11,94,000-ஐ ஒட்டி ஓர் எண்ணும் இருந்தால் அது யுடிஎம் 44 வடக்கு மண்டலம், ஈபிஎஸ்ஜி 32644, அலகு மீட்டர். 87,60,000-மும் 12,08,000-மும் இருந்தால் வெப் மெர்கேட்டர், ஈபிஎஸ்ஜி 3857. இணைய வரைபடத்திலிருந்து வந்த தரவு. 0 முதல் ஆயிரத்துச் சொச்சம் வரை மட்டும் இருந்தால் கேட் வரைபடத்தின் சொந்தக் கணக்கு, பூமியோடு அதற்கு இன்னும் உறவே இல்லை.

உங்கள் மாவட்டத்துக்கு இந்த நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டி வையுங்கள். நான் வேலை கற்றுக்கொடுக்கும் எல்லோருக்கும் முதல் நாளில் சொல்வது இதுதான்.

அறிகுறி: லேயர் ஏறிவிட்டது, ஆனால் திரையில் ஒன்றும் இல்லை

லேயர் பெயரில் வலது கிளிக் செய்து, ஜூம் டு லேயர் கொடுங்கள். எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். பின்னணியில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இருந்தால் இன்னும் நல்லது.

நார்வேக்கு வடக்கே, ஸ்வால்பார்ட் தீவுகளில் போய் நின்றால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கின்றன. திருச்சியின் 10.8, 78.7-ஐத் திருப்பிப் போட்டால் வரும் இடம் அதுதான். இந்தக் குழப்பத்துக்கு யாருடைய கவனக்குறைவும் காரணம் இல்லை. தரநிலைகளே இரண்டு விதமாகப் பேசுகின்றன. ஈபிஎஸ்ஜி 4326-இன் அதிகாரப்பூர்வ வரிசையில் அட்சரேகை முதலில் வரும். ஜியோஜேசன், கேஎம்எல் என்ற கோப்பு வகைகளில் தீர்க்கரேகை முதலில். இணையம் வழியாக வரைபடம் தரும் டபிள்யூஎம்எஸ் சேவையில் 1.1.1 பதிப்பு தீர்க்கரேகையை முதலில் கேட்கும், 1.3.0 பதிப்பு 4326-க்கு அட்சரேகையை முதலில் கேட்கும். சிஎஸ்வி கோப்பாக இருந்தால் ஏற்றும்போது எக்ஸ் என்ற இடத்தில் தீர்க்கரேகையைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். டபிள்யூஎம்எஸ் என்றால் இணைப்பு அமைப்பில் அச்சு வரிசையைத் திருப்ப ஒரு டிக் பெட்டி இருக்கிறது.

அரபிக்கடலில், லட்சத்தீவின் கவரத்திக்கும் அமினிக்கும் நடுவே நின்றால் மண்டலம் தப்பு. தமிழ்நாட்டுக்காரர்கள் இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். யுடிஎம் மண்டலங்கள் ஆறு ஆறு பாகையாகப் பிரிகின்றன. 43-க்கும் 44-க்கும் நடுவிலான கோடு 78 பாகைக் கிழக்கு. அந்தக் கோடு நம் மாநிலத்தைப் பிளந்துகொண்டு போகிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, நெல்லை, கன்னியாகுமரி நகரங்கள் 43-இல். மதுரை, சேலம், திருச்சி, தஞ்சை, சென்னை 44-இல். திண்டுக்கல் கோட்டுக்கு மேற்கே மிக அருகில் நிற்கிறது. அந்த மாவட்டத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர்களே வேறு வேறு மண்டலத்தில் வரும். 44-இல் எடுத்த திருச்சித் தரவுக்கு 43 என்று பெயர் கொடுத்தால் அப்படியே ஆறு பாகை மேற்கே தள்ளிப்போய்க் கடலில் விழும். மாநிலம் முழுவதற்குமான வேலை என்றால் சேமிப்பதை 4326-இல் வைத்துக்கொண்டு, அளவெடுக்கும்போது மட்டும் அந்தந்த மண்டலத்துக்கு மாற்றுவது நல்லது.

ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில் சில புள்ளிகள் மட்டும் கிடந்தால் அவை 0, 0. ஜிபிஎஸ் சிக்னல் கிடைப்பதற்குள் செயலியில் சேமிக்கும் பொத்தானை அழுத்திவிட்டார்கள். அந்தப் புள்ளிகளை நீக்குங்கள், களத்துக்குத் திரும்பிப் போங்கள். வேறு வழி இல்லை. எல்லாப் புள்ளிகளும் அங்கேயே சிறு கொத்தாகக் கிடந்தால் பாகை எண்களுக்கு வெப் மெர்கேட்டர் மீட்டர் என்று பெயர் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பாகையை மீட்டராக எடுத்துக்கொண்டால் ஊர் முழுக்க ஒரு அறைக்குள் அடங்கிவிடும்.

அறிகுறி: சிஆர்எஸ்ஸை மாற்றினேன், இன்னும் மோசமாகிவிட்டது

கற்றுக்கொள்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். நானும் முதல் வருடம் முழுக்க இதில்தான் தடுமாறினேன். கியூஜிஐஎஸ்ஸில் செட் லேயர் சிஆர்எஸ் என்று ஒன்று, ரீப்ரொஜெக்ட் லேயர் என்று ஒன்று. முதலாவது எண்களைத் தொடாது. ‘இந்த எண்கள் இன்ன அளவில் எழுதியவை’ என்று சீட்டு மட்டும் ஒட்டும். இரண்டாவது எண்களையே கணக்குப் போட்டு வேறு அளவுக்கு மாற்றிப் புதிய கோப்பாகத் தரும். நெல்லை மரக்காலால் அளந்த மூட்டையின் சீட்டை மட்டும் கிலோ என்று மாற்றி ஒட்டினால் எடை மாறிவிடாது அல்லவா.

ஆகவே வரிசை இப்படி. முதலில் எண்ணைப் படித்து, அது எந்த அளவில் எழுதியது என்று முடிவு செய்யுங்கள். ஒட்டியிருக்கும் சீட்டு தப்பென்றால் செட் லேயர் சிஆர்எஸ்ஸால் சீட்டைத் திருத்துங்கள். லேயர் சரியான இடத்துக்கு வந்த பிறகு, வேறு அளவு தேவைப்பட்டால் மட்டும் ரீப்ரொஜெக்ட் செய்யுங்கள். வரிசை மாறினால் தப்பான சீட்டை நம்பி மென்பொருள் கணக்குப் போடும். அதற்குப் பிறகு பழைய எண்களே மிஞ்சாது.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் ஜிஐஎஸ் பகுதியான போஸ்ட்ஜிஐஎஸ்ஸிலும் அதே கதை. அங்கே சிஆர்எஸ் எண்ணுக்கு எஸ்ஆர்ஐடி என்று பெயர். எஸ்டி_செட்எஸ்ஆர்ஐடி சீட்டு ஒட்டுவது, எஸ்டி_டிரான்ஸ்ஃபார்ம் கணக்குப் போடுவது. ‘மிக்ஸ்டு எஸ்ஆர்ஐடி’ என்று பிழை வந்தால் உடனே செட்எஸ்ஆர்ஐடி போட்டு வாயை அடைக்காதீர்கள். பிழைச் செய்தி போய்விடும், பிழை அப்படியே இருக்கும்.

அறிகுறி: தெற்கேயோ மேற்கேயோ பல கிலோமீட்டர் விலகல், ஒவ்வொரு புள்ளிக்கும் வெவ்வேறு அளவு

பாகை-கலை-விகலையைத் தசமமாக எழுதிவிட்டார்கள். 10 பாகை 47 கலை 30 விகலை என்பது தசமத்தில் 10.7917. அதை 10.4730 என்று தட்டச்சு செய்தால் புள்ளி 35 கிலோமீட்டர் தெற்கே போய்விடும். ஜிபிஎஸ் கருவி நேரடியாக அனுப்பும் என்எம்இஏ என்ற மூல வரியிலும் இதே ஆபத்து உண்டு: அங்கே 1047.5 என்றால் 10 பாகை, 47.5 கலை. கண்டுபிடிக்க எளிய வழி, தசமப் புள்ளிக்கு அடுத்த இரண்டு இலக்கங்களைப் பார்ப்பது. நூறு புள்ளிகளிலும் அது 59-ஐத் தாண்டவே இல்லை என்றால் அது கலைதான். கலையை 60-ஆலும் விகலையை 3600-ஆலும் வகுத்துத் திருத்துங்கள்.

அறிகுறி: எல்லாமே ஒரே திசையில் நூறு, இருநூறு மீட்டர் தள்ளி

பழைய இந்திய சர்வே வரைபடத் தாளிலிருந்து எடுத்த தரவாக இருக்கும். அந்தத் தாள்கள் எவரெஸ்ட் நீள்கோளத்தை, அதாவது பூமிக்கு அப்போது வைத்திருந்த கணித உருவத்தை, அடிப்படையாகக் கொண்டவை. ஜிபிஎஸ் பேசுவது டபிள்யூஜிஎஸ் 84. தாளில் அச்சிட்ட பாகைக் கோடுகளை அப்படியே 4326 என்று எடுத்துக்கொண்டால், தமிழ்நாட்டில் நூறு மீட்டருக்கும் மேல் பிசகும். 2005-இல் வந்த தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகு பொதுமக்களுக்கென வெளியான ஓப்பன் சீரிஸ் தாள்கள் டபிள்யூஜிஎஸ் 84-இலேயே இருக்கின்றன; தாளின் ஓரக் குறிப்பைப் படித்தால் தெரிந்துவிடும்.

பழைய தாள் என்றால், பாகைக் கோடுகளின் சந்திப்புகளை வைத்து ஈபிஎஸ்ஜி 4146-இல் ஜியோரெஃபரன்ஸ் செய்யுங்கள், அதாவது படத்தைப் பூமியில் அதன் இடத்தோடு பொருத்துங்கள். அது எவரெஸ்ட் நீள்கோளத்தில் அமைந்த காளியான்பூர் 1975 ஆதாரம். பிறகு 4326-க்கு ரீப்ரொஜெக்ட் செய்யுங்கள். இந்த மாற்றத்திலேயே பத்து, இருபது மீட்டர் பிசகு மிஞ்சும். அதற்கு மேல் துல்லியம் வேண்டுமென்றால் தாளிலும் தரையிலும் மாறாத இடங்களைத் தேடிப் பொருத்த வேண்டும். பழைய கோயில் கோபுரம், ரயில் பாதையும் ஆறும் சந்திக்கும் பாலம், பெரிய ஏரியின் கலிங்கு ஆகியவை நல்ல தேர்வு. சாலைச் சந்திப்பு வேண்டாம். சாலையை அகலப்படுத்தும்போது சந்திப்பும் நகர்ந்திருக்கும்.

அறிகுறி: மூன்று முதல் பத்து மீட்டர் விலகல்

இங்கே ஒரு நிமிடம் நின்று, விலகலின் திசையைப் பாருங்கள். ஒரு புள்ளி கிழக்கே, அடுத்தது வடக்கே, இன்னொன்று மேற்கே என்று சிதறியிருந்தால் அது கருவியின் இயல்பு. செல்போன் ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே சில மீட்டர் பிசகும்; புளியமரத்தடியில் நின்றால் இன்னும் கூடும். எதையும் திருத்த வேண்டாம். அந்தத் தரவின் துல்லியம் அவ்வளவுதான் என்று குறித்து வைத்துவிட்டு, எல்லைக்கல் நடுவதற்கு அதைப் பயன்படுத்தாதீர்கள்.

எல்லாம் ஒரே திசையில் நகர்ந்திருந்தால், பின்னணியில் போட்டிருக்கும் இணையச் செயற்கைக்கோள் படத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அந்தப் படங்கள் பல நாட்களில் எடுத்தவை, துண்டு துண்டாக ஒட்டியவை. ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவே சாலை ஒடிந்து தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்து ஆர்டிகே கருவியில் (சென்டிமீட்டர் துல்லியம் தரும் ஜிபிஎஸ்) எடுத்த புள்ளியை நகர்த்துவது, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ரயில்வே நேரத்தைத் திருத்துவது போலாகும்.

பல வருட இடைவெளியில் எடுத்த இரண்டு ஆர்டிகே தரவுகளுக்கு நடுவே சில பத்து சென்டிமீட்டர் மட்டும் வேறுபாடு, அதுவும் வடகிழக்காக? இந்தியத் தட்டு வருடத்துக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. இருபது வருடத்தில் ஒரு மீட்டர். எந்த வருட நிலையைக் கொண்டு ஆதாரப் புள்ளி கணக்கிடப்பட்டது என்று இரண்டு தரவுக்கும் கேட்டுப் பாருங்கள்.

அறிகுறி: கேட் வரைபடம் ஒரு மூலையில் பொருந்துகிறது, மறு மூலையில் பொருந்தவில்லை

ஆட்டோகேட்டிலிருந்து வரும் டிஎக்ஸ்எஃப் கோப்பில் பெரும்பாலும் சிஆர்எஸ் இருக்காது. வரைந்தவர் அடியில் வரைந்தாரா, மில்லிமீட்டரிலா, மீட்டரிலா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நேரில் அளக்கக்கூடிய ஏதாவது ஒன்றை, மதகுச் சுவரின் நீளம் மாதிரி, கோப்பில் அளந்து பாருங்கள். 4 மீட்டர் சுவர் 13.12 என்று வந்தால் அடி. 4000 என்றால் மில்லிமீட்டர்.

பிறகு குறைந்தது நான்கு கட்டுப்பாட்டுப் புள்ளிகளை (இடம் துல்லியமாகத் தெரிந்த புள்ளிகள்) வைத்து ஜியோரெஃபரன்ஸ் செய்யுங்கள். மாற்று முறையில் ஹெல்மெர்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது நகர்த்தும், சுழற்றும், ஒரே சீராகப் பெரிதாக்கும், வடிவத்தைக் கெடுக்காது. பாலினோமியல் போட்டால் பிழை எண் அழகாகக் குறையும், ஆனால் நேரான கரையை வளைத்தோ கோணத்தைச் சரித்தோதான் அது குறையும். நான்கில் ஒரு புள்ளியைத் தப்பாக எடுத்திருந்தால் ஹெல்மெர்ட்டில் அந்தப் புள்ளியின் பிழை தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். நமக்கு வேண்டியது அதுதான்.

டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியில் எடுத்த நீண்ட கரைக்கு இன்னொரு விஷயம். யுடிஎம் தளத்தில் உள்ள தூரமும் தரையில் நடக்கும் தூரமும் ஒன்றல்ல. திருச்சிப் பக்கம் தரையில் 1000 மீட்டர் இருந்தால் யுடிஎம் 44-இல் 1000.38 மீட்டர் வரும். ஒரு சிறு கட்டடத்துக்கு இது தெரியவே தெரியாது. மூன்று கிலோமீட்டர் கரையில் ஒரு மீட்டரைத் தாண்டிவிடும், சர்வேயரும் ஜிஐஎஸ்காரரும் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். இரண்டு பேரும் சரியாகத்தான் அளந்திருப்பார்கள்.

அறிகுறி: ட்ரோன் உயர மாதிரியில் ஏரி கடல் மட்டத்துக்குக் கீழே

திருச்சிக்குத் தெற்கே ஓர் ஏரியில் தூர்வாரும் கணக்குக்காக ட்ரோன் பறக்கவிட்டோம். கலிங்கின் உச்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 86 மீட்டர் என்று பழைய பதிவில் இருந்தது. எங்கள் மாதிரியில் மைனஸ் 6. கருவி கெட்டுவிட்டது என்று எடுத்துத் தந்தவர் மீது எல்லோரும் பாய்ந்தார்கள். கருவி சரியாகவே இருந்தது.

ஜிபிஎஸ், ஆர்டிகே இரண்டும் தரும் உயரம், பூமிக்கு நாம் வைத்திருக்கும் கணித உருவமான நீள்கோளத்திலிருந்து அளந்தது. நம் பதிவுகளில் இருப்பது கடல் மட்டத்திலிருந்து அளந்தது. அதற்கான மேற்பரப்புக்கு ஜியாய்டு என்று பெயர். உலகத்தில் இந்த இரண்டும் மிக அதிகமாகப் பிரிந்து நிற்கும் இடம் நம் வாசலில்தான் இருக்கிறது. இந்திய முனைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஜியாய்டு நீள்கோளத்துக்கு நூறு மீட்டருக்கும் கீழே இறங்குகிறது. அந்தப் பள்ளத்தின் சரிவில் தமிழ்நாடு இருக்கிறது. திருச்சிப் பக்கம் வேறுபாடு ஏறத்தாழ 90 மீட்டர். ஜியாய்டு கீழே இருப்பதால் இங்கே எண் எதிர்மறை. கடல் மட்ட உயரம் வேண்டுமென்றால் நீள்கோள உயரத்திலிருந்து ஜியாய்டு எண்ணைக் கழிக்க வேண்டும்; எதிர்மறையைக் கழிப்பது என்றால் கூட்டுவது. எங்கள் மைனஸ் 6 இப்படித்தான் 86-க்கு வந்தது. அவசரத்தில் குறியை மறந்தால் மைனஸ் 98 வரும். அதுவே குறி தப்பு என்பதற்கு அடையாளம்.

திருத்துவது எப்படி? ஆர்டிகே மென்பொருளிலோ ட்ரோன் மென்பொருளிலோ வெளியீட்டு உயரத்துக்கு ஈஜிஎம் 96 அல்லது ஈஜிஎம் 2008 என்ற உலக ஜியாய்டு மாதிரியைத் தேர்ந்தெடுக்கலாம். ஈபிஎஸ்ஜி எண் கேட்டால் முதலாவதுக்கு 5773, இரண்டாவதுக்கு 3855. ஏற்கெனவே வந்துவிட்ட மாதிரி என்றால் ஜியாய்டு ராஸ்டரை இறக்கி, ராஸ்டர் கால்குலேட்டரில் கழியுங்கள். சின்ன ஏரிக்கு ஒரே எண்ணைக் கூட்டினாலும் காரியம் நடக்கும். நீண்ட வாய்க்காலுக்கு அப்படிச் செய்யாதீர்கள். ஜியாய்டும் சரிந்துகொண்டே போவதால், தட்டையான நிலத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதே தப்பாகத் தெரியும். கடைசியாக, பக்கத்தில் ஒரு பெஞ்ச் மார்க் (உயரம் தெரிந்த அளவைக் குறி) இருந்தால் அதில் வைத்துச் சரிபாருங்கள். உலக மாதிரிகள் உள்ளூரில் கொஞ்சம் பிசகத்தான் செய்யும்.

இணையத்தில் இறக்கும் உயர மாதிரிகளோடு ட்ரோன் மாதிரியைச் சேர்க்கும்போதும் இதே கேள்வியைக் கேளுங்கள். 2000-ஆம் வருடம் எடுத்த எஸ்ஆர்டிஎம் ஈஜிஎம் 96-ஐ ஒட்டியது, கோப்பர்நிக்கஸ் மாதிரி ஈஜிஎம் 2008-ஐ ஒட்டியது.

உயரம் சரியாகிவிட்டது, ஆனால் ஏரியின் கொள்ளளவு பதிவில் இருப்பதைவிடப் பாதிதான் வருகிறதா? படுகையில் சீமைக் கருவேலம் மண்டியிருந்தால் படங்களிலிருந்து உருவாக்கிய மாதிரி மரத்தின் தலையைத்தான் தரை என்று எடுத்துக்கொள்ளும். லேசரால் அளக்கும் லைடார் கிளைகளுக்கு நடுவே நுழைந்து தரையைத் தொடும். அது கையில் இல்லாவிட்டால் மரங்களுக்கு நடுவே ஆர்டிகேயில் தரைப் புள்ளிகள் எடுத்துத்தான் ஆக வேண்டும். தண்ணீர் நிற்கும் பகுதியை ட்ரோன் படமும் சாதாரண லைடாரும் காட்டாது. சித்திரையில் ஏரி வற்றிக் கிடக்கும் வாரத்தில் பறக்கவிடுங்கள்.

படுகையின் நடுவில் குவிந்த மேடு மாதிரி ஒன்று தெரிந்து, நேரில் போனால் மேடே இல்லையென்றால், கட்டுப்பாட்டுப் புள்ளிகளைக் கரையில் மட்டும் வைத்திருக்கிறீர்கள். நடுவிலும் இரண்டு மூன்று வையுங்கள், சாய்வாகவும் சில படங்கள் எடுங்கள்.

அறிகுறி: பரப்பளவு பதிவேட்டோடு ஒத்துப்போகவில்லை

வித்தியாசம் 3 முதல் 6 சதவீதம், எப்போதும் கூடுதலாகவே வருகிறது என்றால் வெப் மெர்கேட்டரில் பரப்பளவு எடுத்திருக்கிறீர்கள். இந்த ப்ரொஜெக்ஷன் (உருண்டைப் பூமியைத் தட்டையாக்கும் முறை) நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலகப் பரப்பை ஊதிக் காட்டும். கன்னியாகுமரியில் 3 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, திருச்சியில் 4-க்குச் சற்று மேல், சென்னையில் 6. நார்வேயில் வேலை செய்பவருக்குப் பரப்பு பல மடங்காக வருவதால் உடனே கண்ணில் படும். நமக்கு 100 ஹெக்டேர் 104 என்று வரும். ‘அளவெடுப்பில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்’ என்று விட்டுவிடுவோம். அந்த 4 ஹெக்டேர் பத்து ஏக்கர் நிலம். யாரோ ஒருவருடைய பட்டாவில் அது போய் இடிக்கும்.

திருத்தம் எளிது. யுடிஎம்முக்கு ரீப்ரொஜெக்ட் செய்து அளவெடுங்கள், அல்லது ஃபீல்டு கால்குலேட்டரில் ப்ராஜெக்டின் நீள்கோளத்தை வைத்துக் கணக்கிடும் டாலர் ஏரியா சார்பைப் பயன்படுத்துங்கள்.

அறிகுறி: செயற்கைக்கோள் படத்தில் 2022 முதல் ஏரி திடீரென வற்றிவிட்டது

சென்டினல்-2 படங்களை வருட வாரியாக அடுக்கி நீர்ப்பரப்பு எடுப்பவர்களுக்கு இது வந்தே தீரும். 2022 ஜனவரி 25 முதல் அந்தப் படங்களின் செயலாக்க முறை மாறியது. ஒவ்வொரு எண்ணோடும் 1000 கூட்டித் தருகிறார்கள். பிரதிபலிப்பு வேண்டுமென்றால் முதலில் 1000-ஐக் கழித்து, பிறகு 10,000-ஆல் வகுக்க வேண்டும்.

கழிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று ஒரு பிக்சலில் பார்ப்போம். பச்சைப் பட்டையில் 600, அகச்சிவப்புப் பட்டையில் 300. நீர்க் குறியீடு என்பது இரண்டின் வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுப்பது: 300-ஐ 900-ஆல் வகுத்தால் 0.33, நல்ல தண்ணீர். 1000 கூடிய படத்தில் 1600, 1300. இப்போது 300-ஐ 2900-ஆல் வகுக்க வேண்டும்: 0.10. உங்கள் வரம்பு 0.2 என்றால் அந்தப் பிக்சல் தரையாகிவிட்டது. நல்ல மழை பெய்த வருடத்தில் ஏரி காலி என்று அறிக்கை போகும். சில தளங்கள் இந்த 1000-ஐ அவர்களே கழித்துத் தருகின்றன. ஆகவே இரண்டு முறை கழிக்காமலிருக்க, தெளிவான ஆழமான நீரில் சில பிக்சல்களைத் தட்டிப் பாருங்கள். அகச்சிவப்பு எண் எங்கேயுமே 1000-க்குக் கீழே இறங்கவில்லை என்றால் இன்னும் கழிக்கவில்லை என்று பொருள்.

வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மேகம் மறைத்தால் சென்டினல்-1 ரேடார் படத்துக்குப் போகலாம், அது மேகத்தை ஊடுருவும். ஆனால் காற்றில் அலையடிக்கும் நீரும் ஆகாயத்தாமரை மூடிய நீரும் ரேடாருக்குத் தரை போலத் தெரியும்.

அறிகுறி: தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறியாக, கிறுக்கலாக, அல்லது பாதியாக

எப்படிக் கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து மருந்து மாறும். தலையில் கோடிட்ட சின்ன ஆங்கில ஏ எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் குறியும் மாறி மாறி வந்தால் கவலை வேண்டாம். தரவு உள்ளே நன்றாக இருக்கிறது. லேயர் ப்ராப்பர்ட்டீஸில் என்கோடிங்கை யுடிஎஃப்-8 என்று மாற்றினால் தமிழ் வந்துவிடும். அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக இருந்தால் வானவில் மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்தது. எழுத்துரு மாற்றியில் யுனிகோடாக்கிய பிறகே ஏற்ற வேண்டும். வெறும் கேள்விக்குறிகள் என்றால் சேமிக்கும்போதே எழுத்துகள் போய்விட்டன. மூலக் கோப்பைத் தேடுங்கள்.

ஷேப்ஃபைல் என்ற ஜிஐஎஸ் கோப்பு வகையில் பத்தித் தலைப்பு பாதி மட்டும் வருவதற்குக் காரணம் கணக்கு. அதில் தலைப்புப் பெயருக்குப் பத்து பைட்தான் இடம். தமிழின் ஒவ்வொரு குறியும் யுடிஎஃப்-8-இல் மூன்று பைட் எடுக்கும். ‘கிராமம்’ என்பதில் மெய்ப்புள்ளியையும் துணைக்காலையும் சேர்த்து ஏழு குறிகள், 21 பைட். ‘கிர’ என்பதோடு நின்றுவிடும். ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வகையில் சேமியுங்கள், இந்தக் கட்டுப்பாடு அதில் இல்லை.

எல்லாவற்றையும்விட என்னை அதிக நேரம் அலைக்கழித்தது இது: இரண்டு அட்டவணையிலும் ‘கொளத்தூர்’ என்று கண்ணெதிரே ஒரே மாதிரி இருக்கிறது, ஜாயின் (பெயரை வைத்து இரண்டையும் இணைப்பது) மட்டும் ஆகவில்லை. ஃபீல்டு கால்குலேட்டரில் லெங்த் போட்டுப் பார்த்தபோது ஒன்றில் 9, இன்னொன்றில் 10. ‘கொ’ என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யுனிகோடின் என்எஃப்சி முறைக்கு இரண்டு அட்டவணையையும் மாற்றினால் ஒன்றாகிவிடும். போஸ்ட்கிரெஸ் 13 முதல் அதற்கு நார்மலைஸ் என்ற சார்பே இருக்கிறது. ஔகாரத்தில் மட்டும் இது உதவாது. பலர் கொம்புக்குப் பிறகு ளகரத்தைத் தட்டுகிறார்கள், அது வேறு எழுத்து. கவுண்டம்பாளையம், கௌண்டம்பாளையம் என்ற இரட்டைப் பெயர்களையும் கையால்தான் பார்க்க வேண்டும்.

முடிந்தவரை பெயரை வைத்து ஜாயின் செய்யாதீர்கள். ஊருக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எண் இருக்கிறது. அந்த எண்ணையும் எக்செலில் உரை வடிவம் என்று வைத்த பிறகே ஒட்டுங்கள். எண் முன்னால் உள்ள பூஜ்யத்தை எக்செல் விழுங்கிவிடும். புல எண் 12/3 என்று தட்டினால் அதைத் தேதியாக்கிவிடும்.

அறிகுறி: என் கணினியில் பொருந்தியது, அடுத்தவர் கணினியில் பொருந்தவில்லை

வாட்ஸ்அப்பில் ஷேப்ஃபைல் அனுப்பும்போது எஸ்எச்பி கோப்பை மட்டும் அனுப்பியிருப்பார்கள். அதோடு எஸ்எச்எக்ஸும் டிபிஎஃப்பும் போக வேண்டும்; சிஆர்எஸ் சீட்டு இருப்பது பிஆர்ஜே கோப்பில், எழுத்துக் குறியேற்றம் இருப்பது சிபிஜி கோப்பில். அவை வராததால் அடுத்தவர் மென்பொருள் கேட்ட கேள்விக்குத் தோராயமாக எதையோ தேர்ந்தெடுத்திருப்பார். அனுப்பியவரிடம் ஜியோபேக்கேஜாகக் கேளுங்கள், ஒரே கோப்பு. கூடவே மூன்று வரி எழுதித் தரச் சொல்லுங்கள்: எந்தச் சிஆர்எஸ், உயரம் எதிலிருந்து அளந்தது, எந்தக் கருவியில் எந்த மாதம் எடுத்தது.